பந்திக்கு முந்துவதில் தப்பே இல்லை!

எங்கள் வீட்டு ஹாலில் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியில் ஒரு பெரிய கிளிப் தொங்கும். வருகிற பத்திரிகைகளையெல்லாம் தேதி வாரியாக அதில் செருகி வைப்பது என் கணவரின் வேலை. தை, வைகாசி, ஆவணி வந்துவிட்டால் அந்த ஆணி தாங்காது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம் என்று மாதத்துக்குப் பத்துக்குக் குறையாது. அவர் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டி ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். ஓமலூர், காடையாம்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்கள், மளிகைக் கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் எங்களுக்கு அழைப்பு உண்டு. போகாவிட்டால் "மண்டிக்காரர் வீட்ல பெரிய மனுஷங்க ஆயிட்டாங்க" என்று பேச்சு வரும்.

இப்படிப்பட்ட வீட்டில் எனக்கு நாற்பத்தொரு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "உணவுக் கட்டுப்பாடு வேணும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தாலே வெல்ல வாசனை வருகிற தெரு எங்களுடையது!

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று அட்டவணை போடப் போவதில்லை. அது உங்கள் டாக்டர் வேலை. நாலு பேர் நடுவில், இலைக்கு முன்னால், உறவுக்காரர்கள் வற்புறுத்தும்போது இந்த நோயோடு எப்படிக் குப்பை கொட்டுவது என்பதுதான் என் விஷயம். அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

மறைத்து வைத்த ரகசியம்

முதல் மூன்று வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், அவ்வளவுதான். காரணம் என்னவென்றால், என் மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். "அம்மாவுக்கு சுகராம், பொண்ணுக்கும் வரும்" என்று யாராவது கிளப்பிவிட்டால்? என் மாமியாரே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "கண்ணு, பொண்ணு கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்காத." மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருப்பேன். விசேஷ வீட்டில் பாத்ரூமுக்குப் போய்ப் போட்டுக்கொள்வேன்.

மறைப்பதால் வந்த வினை வேறு மாதிரியானது. வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லாததால், வைத்ததையெல்லாம் சாப்பிட வேண்டியிருந்தது. மைசூர்பாகை ஒதுக்கினால், "என்ன சின்னம்மா, எங்க வீட்டு இனிப்பு ஆகாதா?" என்பார்கள். சாப்பிட்டுவிடுவேன். மறுநாள் பட்டினி கிடந்து சரிக்கட்டப் பார்ப்பேன். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை.

2019-ம் வருஷம் வைகாசியில் என் கணவரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். மண்டபத்தில் ஏழரைக்கு டிபன் ஆரம்பித்துவிடும், போனதும் சாப்பிட்டுவிடலாம் என்று வீட்டிலேயே ஆறே முக்காலுக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெண்ணுக்குச் சின்னம்மா நான். சும்மா இருக்க முடியுமா? சீர்த்தட்டு எண்ணுவது, மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பது, தாலிக்கு மஞ்சள் அரிசி, வெற்றிலைப் பைகள்... "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "கடைசிப் பந்தியில உக்காந்துக்கறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்காரர்கள் கடைசியில்தானே சாப்பிட வேண்டும்? இடையில் ஒரு காப்பி குடித்தேன். அதுவும் சர்க்கரை இல்லாமல்!

பத்தரை மணி இருக்கும். திடீரென்று கை நடுங்கியது. ஜாக்கெட் முதுகு முழுக்க வேர்த்து நனைந்துவிட்டது. என் நாத்தனார் ஏதோ கேட்க, அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் முகம் சுருங்கியது தெரிகிறது, ஆனால் ஏன் கத்தினேன் என்று எனக்கே புரியவில்லை. எதிரில் இருப்பவர் இரண்டு இரண்டாகத் தெரிந்தார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "கூட்டத்துல மயக்கம், விசிறுங்க, சோடா வாங்குங்க" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பரிமாற வந்திருந்த ஒரு பெண், சமையல்காரரோடு வந்தவர், கூட்டத்தை விலக்கி என் கழுத்தில் கை வைத்துப் பார்த்து, "ஏங்கா, சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். காப்பி போடுகிற இடத்திலிருந்து கைநிறையச் சர்க்கரை எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. அப்புறம் இரண்டு இட்லி. அவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் வருமாம்.

மூன்று வருஷ ரகசியம் மூன்று நிமிஷத்தில் மண்டபம் முழுக்கப் போய்விட்டது. என் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்த ஒரு வரன் வீட்டார் அன்று அங்கேதான் இருந்தார்கள். அப்புறம் அவர்களிடமிருந்து தகவலே வரவில்லை. இதுதான் காரணமா, வேறு எதுவுமா, நானும் கேட்கவில்லை. சில ராத்திரிகள் தூங்காமல் அழுதேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மாத்திரைக்குக் கண் கிடையாது

மறுநாள் டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். நான் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று மெட்பார்மின். அதை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம். இன்னொன்று கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். "வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு அது எட்டிப் பாக்காதும்மா. அதுக்கு ஏது கண்ணு? உன் இலை உன் முன்னால வந்தப்புறம் போடு" என்றார். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மண்டபத்தில் "இதோ பந்தி போடறாங்க" என்ற பேச்சை நம்பி ஊசி போடக் கூடாது. 'இதோ' என்பது நம் ஊரில் அரை மணியும் ஆகும், ஒன்றரை மணியும் ஆகும்.

ஆகவே நான் போட்டுக்கொள்வது என்ன மாத்திரை, அது தானாகச் சர்க்கரையை இறக்கிவிடுகிற ரகமா, சாப்பாடு தள்ளிப்போனால் என்ன செய்வது என்ற மூன்றையும் ஒவ்வொருவரும் தங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தவர் மாத்திரை விவரம் உங்களுக்கு உதவாது. விசேஷத்துக்குப் போகிறோம் என்று தானாக ஒரு மாத்திரை கூட்டிப் போடுவது, விரதம் என்று தானாக நிறுத்துவது, இரண்டும் ஆபத்து.

இறங்கும்போது என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு சாப்பாடு. சாக்லேட், லட்டு எல்லாம் அந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது என் கைப்பையில் பவுடர் டப்பாவுக்குப் பதில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. கூடவே ஒரு பிடி பொட்டுக்கடலை. சர்க்கரை வியாதிக்காரி பையில் சர்க்கரையா என்று பேத்தி முறைப் பெண் ஒன்று கேலி செய்தது. செய்யட்டும்.

இலைக்கு முன்னால்

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில், தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நாடு முழுக்க 10 கோடிப் பேர். அதாவது நூறு இலை போட்ட பந்தியில் பதினாலு பேர் எங்களவர்கள்! அத்தனை பேரும் என்னைப் போலப் பேசாமல் மைசூர்பாகை விழுங்கிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்?

நான் இப்போது செய்வது இதுதான். போனவுடனே வீட்டுக்காரர்களில் மூத்த பெண்மணியைப் பார்த்து, "அக்கா, எனக்கு சுகர். முதல் பந்தியில உக்காந்துக்கறேன், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வேலை சொல்லுங்க" என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. பாதிப் பேர், "எனக்கும்தான், வா, சேந்தே உக்காரலாம்" என்கிறார்கள்!

இலையில் வைத்த பிறகு மறுப்பதைவிட வைக்கும் முன்பே கை காட்டிவிட வேண்டும். இலையில் மிச்சம் வைத்தால் பரிமாறுகிறவர் மனசு நோகும். முதலில் பொரியல், கூட்டு, கோசம்பரியை நிதானமாகச் சாப்பிடுகிறேன். இரண்டாம் தடவை பொரியல் கேட்க வெட்கப்படுவதில்லை. அப்புறம்தான் சோறு, ஒரே ஒரு கரண்டி, பருப்பும் சாம்பாரும் தாராளமாக. ரசத்துக்கு இன்னும் அரைக் கரண்டி. காயும் பருப்பும் முதலில் உள்ளே போனால் சோற்றின் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். எனக்கு எதையும் சோதித்துப் பார்த்தால்தான் திருப்தி. அடுத்தடுத்த வாரம் இரண்டு கல்யாணம், ஏறக்குறைய ஒரே சாப்பாடு. முதல் வாரம் பழைய வழக்கப்படி சோற்றில் ஆரம்பித்தேன், இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 246. மறு வாரம் காயில் ஆரம்பித்துச் சோற்றைக் குறைத்தேன், 182. சாப்பிட்டு இரண்டு மணி கழித்து 180-க்குள் இருந்தால் நல்லது என்பது டாக்டரம்மா எனக்குச் சொன்ன கணக்கு.

பாயசம்? ஒரு ஸ்பூன், நாக்குக்கு. அதிலும் ஜவ்வரிசிப் பாயசம் என்றால் இரட்டை எச்சரிக்கை. நம்ம சேலத்துச் சரக்குதான், மரவள்ளிக் கிழங்கு மாவு. ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. சர்க்கரை போடாமல் காய்ச்சினாலும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "வெள்ளச் சக்கரதான் கெடுதல், வெல்லம் சாப்பிடலாம்" என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. அந்த வியாபாரத்தில் பிழைக்கிற குடும்பம் நாங்கள், இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து, தாது உப்புகள் இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பங்கு அதே கரும்புச் சர்க்கரைதான். நம் ரத்தம் நிறம் பார்ப்பதில்லை. தேன், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சாப்பிட்டு முடித்ததும் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறாமல், முடிந்தவரை நடந்தே வீட்டுக்கு வருவேன். தூரமான மண்டபமென்றால் வீட்டுக்கு வந்தபின் சேலம் மார்க்கெட் ஸ்டேஷன் வரை ஒரு நடை. கால் மணி நேரம் போதும். நன்றாக இறங்குகிறது. ராத்திரி ரிசப்ஷன்களுக்கு வேறு தந்திரம் வேண்டும். ஒன்பதரைக்கு முன் சாப்பாடு கிடைக்காது. ஏழரைக்கே வீட்டில் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டு, அதற்கேற்ற மாத்திரையையும் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன். அங்கே போய் மணமக்களை வாழ்த்தி, மொய் எழுதி, மோர் ஒரு டம்ளர். ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் என் வீட்டுக்காரர் தலை தெரிந்தால் நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அவருக்கு இல்லையே, பாவம்!

பத்திரிகை வைக்கப் போன கதை

என் பெண்ணுக்கு 2021-ல் கல்யாணம் கூடியது. இந்தத் தடவை பேச்சு ஆரம்பித்த அன்றே நானே சொல்லிவிட்டேன், எனக்குச் சுகர் இருக்கிறது என்று. சம்பந்தியம்மாள் அசரவில்லை. "நீங்க என்ன மாத்திரை போடறீங்க?" என்று கேட்டார். ஜாதகப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பத்திரிகை வைக்கப் போனபோதுதான் சோதனை. ஒரே நாளில் பதினொரு வீடு. வீட்டுக்கு ஒரு காப்பி, டீ, கலர். காப்பிக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தாலும் இருபத்திரண்டு ஸ்பூன், நூறு கிராமுக்குக் குறையாது. சாப்பாட்டில் சேராத கணக்கு இது! தண்ணீர் மட்டும் கேட்டால் "தண்ணி குடுத்தா அனுப்பறது?" என்பார்கள். கடைசியில் நானே, "அண்ணி, மோர் இருந்தா உப்புப் போட்டுக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தேன். மோர் இல்லாத வீடு உண்டா? வெயிலுக்கும் ஆயிற்று, அவர்களுக்கும் திருப்தி.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் இதைச் செய்யலாமே. "சக்கரை போடலாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கலக்குங்கள். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு "கலந்தாச்சே" என்று நிற்காதீர்கள். சாயங்காலம் யாராவது வந்தால் தட்டுவடை செட் வாங்கி வரச் சொல்வது நம் ஊர் வழக்கம். பீட்ரூட், கேரட், வெங்காயம் இருந்தாலும் அடியில் இருப்பது எண்ணெயில் பொரித்த அரிசி மாவு. இரண்டு எடுத்துக்கொள்வேன், பிளேட்டைக் காலி செய்வதில்லை. மாம்பழக் காலத்தில் மல்கோவா, இமாம்பசந்த் வாசனைக்கு யாரால் தப்ப முடியும்? நாலு துண்டு சாப்பிடுகிற நாளில் சோற்றை அந்த அளவுக்குக் குறைத்துவிடுகிறேன். சோற்றுக்கு மேல் மாம்பழம் என்பதைத்தான் விட்டேன்.

ஆடியில் கால்

ஆடி மாதம் வந்தால் கோட்டை மாரியம்மன், செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை என்று ஊரே திருவிழாதான். குகை வண்டி வேடிக்கை பார்க்க வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து தங்குவார்கள். கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக் கூழ் சர்க்கரைக்கு நல்லது என்று சொம்பு சொம்பாகக் குடிக்கிறோம். நைசாக அரைத்து நன்றாக வெந்த கூழ் சீக்கிரமே சர்க்கரையை ஏற்றும். ஒரு டம்ளர், சின்ன வெங்காயத்தோடு, அந்த வேளைக்குச் சோறு இல்லை என்று முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை கூழைவிடக் காலைப் பற்றித்தான். என் சின்ன மாமியாருக்கு இருபது வருஷச் சர்க்கரை. ஓர் ஆடி வெள்ளிக்கிழமை நடுமத்தியானம் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றிவிட்டு வந்தார். கல் சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் நரம்பு உணர்வு போயிருந்தது. இரண்டு நாள் கழித்து என் கணவர்தான் கொப்புளத்தைப் பார்த்தார். அதற்குள் சீழ் வைத்து, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் நான் கோயிலுக்கு விடியற்காலை போகிறேன், அல்லது கல் ஆறிய பிறகு. வந்ததும் கால் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தை ஒரு கண்ணாடியில் பார்க்கிறேன். விரல் இடுக்கையும்தான். தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டவர்கள், பாதம் மரத்திருக்கிறதா என்று ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மாளுக்கு மாவிளக்கும் பிரியம்தான்.

இளம் தாய்மார்களுக்கு

என் இரண்டாவது பிள்ளை 2003-ல் பிறந்தபோது நாலு கிலோவுக்கு மேல். ஊரே வந்து பார்த்தது, திருஷ்டி கழித்தோம். கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை இருந்திருக்கலாம் என்று இப்போது டாக்டரம்மா சொல்கிறார். அப்போது யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. சென்னை டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்களின் முயற்சியால் 2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ம் அதற்கு மேலும் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை இல்லை என்று வந்தாலும் ஆறாம் மாதவாக்கில் மறுபடி பார்க்க வேண்டும்.

போன வருஷம் என் பெண்ணுக்கு அப்படி 156 வந்தது. வளைகாப்பு வேறு வைத்திருந்தோம். தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழு வகைச் சாதம், வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். சம்பந்தியம்மாளும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். ஊட்டுகிற தட்டில் பச்சைப்பயறுச் சுண்டல், மாதுளை முத்து, வெள்ளரிக்காய். சர்க்கரைப் பொங்கல் சாமிக்கும் விருந்தாளிகளுக்கும். ஒரு கிழவி மட்டும், "மாசமா இருக்கறவளுக்கு வெள்ளரிக்காயா?" என்று முணுமுணுத்தார். சாப்பாட்டு ஒழுங்கிலேயே அவளுக்குக் கட்டுக்குள் வந்தது, மூன்று கிலோவில் சுகப்பிரசவம். பிரசவமானதும் சர்க்கரை போய்விட்டது என்று இருந்துவிடக் கூடாது. ஆறு வாரம் கழித்து ஒரு சோதனை, அப்புறமும் ஆண்டுக்கு ஒன்று. பின்னாளில் வர வாய்ப்பு அதிகம். நான் சாட்சி.

பணம் இல்லை என்று சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, எங்கள் தெருவுக்கு வந்த பெண் திண்ணையிலேயே உட்கார்ந்து என் மாமியாருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தாள். எழுபத்தாறு வயதில் அவருக்கும் இருப்பது அன்றுதான் தெரிந்தது. "வாயத் தொறக்காத" என்று எனக்குச் சொன்னவர், இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் கணக்கைச் சொல்கிறார்!

மூன்று மாதச் சராசரி என்று ஒரு சோதனை உண்டு, எச்பிஏ1சி என்பார்கள். மயங்கி விழுந்த வருஷம் எனக்கு 9.1. சென்ற மாதம் 7.2. ஏழுக்குள் வர வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. கண் சோதனைக்கும் சிறுநீரகச் சோதனைக்கும் வருஷா வருஷம் போகிறேன். கிளிப்பில் பத்திரிகைகளோடு அந்தச் சீட்டுகளையும் அவர் தேதிவாரியாகச் செருகி வைத்திருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓமலூரில் ஒரு காதுகுத்து. கிடா விருந்து, பந்தி எப்போது என்று சொல்ல முடியாது. ஓரகத்தியிடம் இப்போதே சொல்லிவிட்டேன், முதல் பந்தியில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பிடித்து வைக்க வேண்டும் என்று. எனக்கும் மாமியாருக்கும்.